எதுல இருந்து எடுத்தது?

கேசட் காலத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பாட்டுக்கடைகளுக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே ஒன்று கேட்பார்கள்: "தம்பி, இது எதுல இருந்து எடுத்தது?" இசைத்தட்டிலிருந்து நேரே எடுத்ததா, கம்பெனி கேசட்டிலிருந்தா, வேறொரு கடையின் நகலிலிருந்தா என்று தெரிந்தாக வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் பால்மரத் தொழிலாளியும் கேட்பார், ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கிராணியும் கேட்பார். நகலுக்கு நகல் எடுத்தால் இரையும் என்பது எல்லோருக்கும் காதால் தெரிந்த விஷயம். 2000-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே அந்தக் கேள்வி கடைகளிலிருந்து காணாமல் போனது. அது போனதால் இங்கே நம்மிடம் இருந்த ஒலிப்பதிவுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை, இரண்டு காலத்திலும் கடையில் உட்கார்ந்து நகல் எடுத்தவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன்.

கடைகள் இருந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஜாலான் துன் சம்பந்தன் பழையவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் ரோடு. ஒரு பக்கம் ரயில்வே குடியிருப்புகள், அதையொட்டி ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் பெரிய யார்டு. அந்த நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்தார்கள். 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம், ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோவில், சற்று உள்ளே தள்ளி, 1951-இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம். வானொலியின் தமிழ்ப் பிரிவு இயங்கிய அங்காசாபுரியும் அதிக தூரமில்லை. கிள்ளானில் பாட்டுக்கடைகள் இருந்த தெரு ஜாலான் தெங்கு கிளானா. காப்பார், பந்திங், கேரித் தீவு, புக்கிட் ரோத்தான் என்று சுற்றிலும் தோட்டங்கள். சம்பளம் போட்ட வாரக் கடைசியில் அங்கே நடக்க இடம் இருக்காது. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே, வாசலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை நிறுத்திக்கொண்டு பாட்டுக்கடை. இரண்டு ஊரிலும் வேலை பார்த்திருக்கிறேன். கிள்ளானில் சத்தம் அதிகம் கேட்பார்கள், பிரிக்பீல்ட்ஸில் சுத்தம் அதிகம் கேட்பார்கள்.

கம்பெனி கேசட் விற்பதைவிட 'பதிவு' எடுத்துக் கொடுப்பதுதான் கடைக்குச் சோறு போட்டது. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். படத்தின் பெயர் தெரியாவிட்டால், மழையில் நனைகிற பாட்டு, ரயில் போகிற பாட்டு என்று எழுதியிருப்பார்கள். வெற்று கேசட்டை அவர்களே பார்த்து எடுப்பார்கள், அறுபதா தொண்ணூறா என்று. நூற்றிருபது நிமிட கேசட்டை நாங்களே வேண்டாம் என்போம். நாடா மெலிசு, வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் இழுத்துக்கொள்ளும். அலமாரியில் எக்கோ, இன்ரெக்கோ, எச்.எம்.வி. இசைத்தட்டுகள் படத்தின் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கும். பட்டியல்படி ஒவ்வொன்றாக ஊசி வைத்து, பாட்டு முடிகிற இடத்தில் சத்தத்தைக் கையால் இறக்கி, அடுத்த தட்டை ஏற்ற வேண்டும். ஒரு தொண்ணூறு நிமிட கேசட்டுக்கு அரை நாள் போய்விடும். 1987-இல் வந்த காப்புரிமைச் சட்டத்தில் இந்தத் தொழிலுக்கு இடமே கிடையாது. ஆனாலும் சட்டத்துக்கு முன்பும் பின்பும் தெரு முழுக்க இது நடந்தது. தோட்டத்து மக்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேறு வழி இருக்கவில்லை.

கேசட் என்ற சாதனத்தின் உடம்பைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கேள்வி ஏன் பிறந்தது என்று புரியும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் அதைக் காட்டியபோது பாட்டுக்காகச் செய்யவில்லை, பேச்சைப் பதிவு செய்யத்தான். நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு தடம். ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டூடியோ டேப் வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். அவ்வளவு குறுகிய, அவ்வளவு மெதுவான நாடாவில் காந்தத் துகள்களின் இரைச்சல் எப்போதும் அடியில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு கேசட்டை இன்னொன்றில் நகல் எடுத்தால் இரண்டின் இரைச்சலும் சேர்ந்து மூன்று டெசிபல் ஏறும். அதிலிருந்து மூன்றாவது எடுத்தால் இன்னும் ஏறும். கூடவே, மோட்டாரின் தடுமாற்றமும் சேர்ந்துகொள்ளும். வயலின் இழுப்பு நேராக நிற்காமல் தள்ளாடும்.

இதைக் கட்டுக்குள் வைப்பதில்தான் கடைக்காரனின் கைத்தேர்ச்சி. டெக்கின் முன்மூடியைக் கழற்றினால் ஹெட் தெரியும், அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. ஹெட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மேல் ஸ்தாயி மங்கிவிடும். வேறு கடையில் எடுத்த கேசட் அந்தக் கடை டெக்கின் சாய்வோடுதான் வரும். அதிலிருந்து நகல் எடுக்க வேண்டி வந்தால், நகைவேலைக்காரர்களின் ஸ்க்ரூடிரைவரால் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே ஜால்ராவைக் கேட்பேன். மூடிக் கிடந்த ஜால்ரா ஓர் இடத்தில் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்துவிட்டு அப்புறம்தான் பதிவு. அந்த வேலை தெரியாத கடையில் எடுத்த நகல் கம்பளியால் மூடிய மாதிரி இருக்கும், வாங்கியவர் மறுநாளே திரும்பி வருவார். இரட்டை டெக் வந்து, இருமடங்கு வேகத்தில் நகல் எடுக்கும் பொத்தானும் வந்தபோது பல கடைகள் அதற்கு மாறின. நேரம் பாதியானது, மேல் ஸ்தாயியும் மங்கியது. இரைச்சலைக் குறைக்கும் டால்பி போட்டு எடுத்ததை டால்பி இல்லாமல் ஓட்டி நகல் எடுப்பவர்களும் இருந்தார்கள். கேட்டவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கோளாறு தெரிந்தது. மறைக்க முடியாத கோளாறு அது.

எனக்குக் காது பழக்கியவர் பார்வையற்ற ஓர் அண்ணன். பார்வையற்றோர் சங்கத்துக்குப் பக்கத்தில் மசாஜ் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைத்தடியோடு வந்து முக்காலியில் உட்கார்வார். நான் ஓட்டுகிற கேசட்டை ஒரு சரணம் கேட்டதும், "இது மூணாங்கை, தம்பி. முதல் கை இருந்தா போடுங்க" என்பார். நகலின் தலைமுறையைக் 'கை' என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, பாட்டைக் கேட்காதே, பாட்டு இல்லாத இடத்தைக் கேள் என்றார். பல்லவி முடிந்து இடையிசை எழும்பும் முன் ஒரு நொடி அமைதி வருமே, அங்கே இரைச்சல் எவ்வளவு என்று பார்த்தால் எத்தனை கை மாறியது என்று தெரிந்துவிடும். இன்றுவரை நான் ஒரு டேப்பைச் சோதிப்பது அப்படித்தான்.

காம்பேக்ட் டிஸ்க் 1982-இல் உலகச் சந்தைக்கு வந்தாலும் எங்கள் தெருவில் அது பரவியது தொண்ணூறுகளில். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு, அந்தப் பாட்டுகளின் அடிநாதத்தைக் கேசட்டில் முழுதாகக் கேட்க முடியவில்லை என்று சொல்லி சிடி பிளேயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சிடியில் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது, ஒவ்வொரு அளவும் 16 பிட், இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்கு 1411 கிலோபிட். எண்ணை எண்ணாகவே நகல் எடுத்தால் நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்றுதான். இதைக் கேள்விப்பட்டதும் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: டிஜிட்டல் என்றால் நகல் எடுத்தால் கெடாது. சிடிக்கு அது உண்மை. அடுத்து வந்த எம்பி3-க்கும் அதே உண்மை பொருந்தும் என்று நினைத்ததில்தான் எல்லாம் கெட்டது.

எம்பி3-ஐ ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகமும் அதனோடு சேர்ந்து உழைத்தவர்களும் உருவாக்கினார்கள். தரவரையறை 1993-இல் வெளியானது, எம்பி3 என்ற கோப்புப் பெயர் 1995-இல் வந்தது. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற பொறியாளர், சூசன் வேகா பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பச் சுருக்கிப் பார்த்துத் தன் முறையைச் செப்பனிட்டார். மனிதக் காது எல்லாவற்றையும் கேட்பதில்லை என்பதுதான் அடிப்படை. தவில் ஓங்கி ஒலிக்கும்போது பக்கத்தில் மெலிதாகச் சுருதிப்பெட்டி இருப்பது காதில் விழாது. அப்படி மறைந்துபோகும் பகுதிகளுக்குப் பிட் செலவழிக்காமல், மற்றதையும் கரடுமுரடாக முழுமைப்படுத்தினால் ஒருவித இரைச்சல் உண்டாகும். அந்த இரைச்சலைப் பலத்த ஒலியின் நிழலுக்குள் ஒளித்துவிடலாம். 1411 கிலோபிட்டை 128-க்கு இறக்கினாலும் பாட்டு ஏறக்குறைய அப்படியே கேட்கும். இது பெரிய சாதனை. அந்த எம்பி3-ஐ அப்படியே கோப்பாக நகல் எடுத்தால் ஒன்றும் கெடாது. சிடியிலிருந்து நேராக, 192 அல்லது 256 கிலோபிட்டில் ஒரே ஒரு முறை நன்றாகச் சுருக்கிய பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆனால் ஒரே ஒரு முறையோடு யாரும் நிறுத்தவில்லை. அந்த நாளில் வீட்டு இணையம் 1515 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் டயல் செய்து கிடைத்தது. ஐந்து மெகாபைட் பாட்டு ஒன்று இறங்க எல்லாம் சரியாக நடந்தாலும் கால் மணி நேரம். அதனால் இணையத்தில் பாட்டு வைத்தவர்களே மிகவும் சுருக்கி வைத்தார்கள். இந்தப் பக்கம் சிடி எழுதும் கருவி மலிவானது. 700 மெகாபைட் வட்டில் 128 கிலோபிட் பாட்டு சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொள்ளும், ஐந்து நிமிடப் பாட்டாக எண்ணினால் நூற்று நாற்பதுக்கு மேல். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடைகளிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தெங்கு கிளானாவில் போடும் கூடாரங்களிலும் வட்டின் அட்டையில் முதலில் அச்சிட்டது பாட்டு எண்ணிக்கையைத்தான். ஒருவர் நூற்றைம்பது என்றால் அடுத்தவர் இருநூறு என்பார், அதற்கடுத்தவர் முந்நூறு. வட்டோ அதே 700 மெகாபைட். கையில் இருந்த 128 கிலோபிட் கோப்புகளை 96-க்கு மறுபடி சுருக்கினால்தான் இருநூறு கொள்ளும், 64-க்குச் சுருக்கினால்தான் முந்நூறு. கணினியில் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் வேலை முடிந்திருக்கும். நான் வேலை பார்த்த ஒரு கடையில் சிடிகளை வைத்திருந்த அலமாரியைக் காலி செய்து செல்போன் உறைகளைத் தொங்கவிட்டார்கள். பாட்டு எல்லாம் கணினிக்குள் இருக்கிறது, சிடி எதற்கு என்றார் முதலாளி.

மறுபடி சுருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் இதைப் பலர் வெறும் கோப்பு மாற்றம் என்றே நினைக்கிறார்கள். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. சிடி கணக்கில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிவினாடி. ஒவ்வொரு துண்டையும் ஸ்வரங்களாகப் பிரிப்பதுபோல அதிர்வெண்களாகப் பிரித்து, எதை மறைக்கலாம் என்று கணித்து, இரைச்சலைக் காதுக்கு எட்டும் எல்லைக்குச் சற்றுக் கீழே வைக்கிறது. பிட்டை மிச்சப்படுத்த எவ்வளவு இரைச்சலை ஒளிக்க முடியுமோ அவ்வளவையும் ஒளித்துவிடும். முதல் சுருக்கத்திலேயே நிழலில் இடம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் முறை சுருக்குகிற மென்பொருளுக்கு இது தெரியாது. முன்பு ஒளித்து வைத்த இரைச்சலையும் பாட்டின் பகுதி என்றே எடுத்துக்கொண்டு அதற்கும் பிட் ஒதுக்கும், பாட்டுக்கு வேண்டிய பிட் அந்த அளவுக்குக் குறையும். பிறகு தன் பங்கு இரைச்சலை அதே நிழலில் வைக்கும். இரண்டும் சேர்ந்து எல்லையைத் தாண்டி வெளியே வரும். போதாததற்கு, ஒவ்வொரு முறை சுருக்கி விரிக்கும்போதும் பாட்டின் தொடக்கத்தில் ஆயிரம் மாதிரிகளுக்கு மேல் வெற்றிடம் சேர்வதால், துண்டுகளின் எல்லைகள் பழைய இடத்தில் விழாது. முதல் முறை ஒரு துண்டுக்குள் அடங்கிய மிருதங்க அடி இந்த முறை இரண்டு துண்டுகளுக்கு நடுவே பிளக்கும். அதனால் 128-ஐ மீண்டும் 128-ஆகவே சுருக்கினாலும் தரம் இறங்கும்.

தாள வாத்தியத்தில்தான் சேதம் முதலில் தெரியும். மேல்நாட்டுப் பொறியாளர்கள் இதற்கு ஸ்பானிய நடனக்காரர்கள் கையில் தட்டும் காஸ்டனெட்டை வைத்துச் சோதித்தார்கள். நம் பக்கம் தபேலா, கஞ்சிரா, கடம், சதங்கை எல்லாமே அந்த இனம்தான்: அமைதி, திடீரென்று ஓர் அடி. சுருக்கத்தின் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவுவதால் அடிக்குப் பின்னால் மட்டுமல்லாமல் முன்னாலும் போய் நிற்கிறது. அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலைக் காது நூறு மில்லிவினாடி வரைகூடக் கண்டுகொள்ளாது. முன்னால் வருவதைச் சில மில்லிவினாடிகளுக்கு மேல் பொறுக்காது. நல்ல மென்பொருள் திடீர் அடியைக் கண்டதும் சின்னத் துண்டுகளுக்கு மாறிச் சமாளிக்கும், ஆனால் அதற்குப் பிட் அதிகம் வேண்டும். 64 கிலோபிட்டில் அந்த வசதி இல்லை. தவிர, முதல் சுருக்கத்தில் ஏற்கெனவே மழுங்கிப்போன அடியை இரண்டாவது மென்பொருள் சில சமயம் அடி என்றே கண்டுகொள்ளாமல் நீளத் துண்டிலேயே விட்டுவிடும்.

இந்த விளக்கமெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எம்பி3 வட்டு ஒன்றை முதன்முதலாக அந்த அண்ணனுக்குப் போட்டுக் காட்டிய அன்று அவர் வழக்கம்போல் பாட்டு இல்லாத இடத்தைத் தேடினார். இரைச்சலே இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் தலையைச் சாய்த்து, "தபேலா விழறதுக்கு முன்னாலயே ஒரு மூச்சு கேக்குதே தம்பி, யாரு மூச்சு விடறாங்க?" என்றார். பிறகு, "ஜால்ரா தண்ணிக்குள்ள இருந்து அடிக்கிற மாதிரி இருக்கு. இது எதுல இருந்து எடுத்தது?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கோப்பின் பெயர் இருந்தது, அளவு இருந்தது, பிட்ரேட் இருந்தது, எத்தனை கை மாறியது என்பது எங்கேயும் எழுதியில்லை. கேசட்டில் இரைச்சல் தானாக ஏறி ஒவ்வொரு கையையும் காட்டிக்கொடுத்தது. எம்பி3 அமைதியாக இருந்தபடியே கெட்டது, அதனால் யாரும் திருப்பிக் கொடுக்க வரவில்லை.

எண்களும் ஏமாற்றின. அப்போது பல கார்களின் பிளேயர் எம்பி3 படிக்காது. ஆகவே கோப்புகளை விரித்து ஆடியோ சிடியாக எழுதிக் கொடுப்போம். அந்த சிடி 1411 கிலோபிட் என்றுதான் காட்டும். இன்னொருவர் அதை அசல் என்று நம்பித் தன் கணினியில் மறுபடி எம்பி3 ஆக்குவார், இந்த முறை 192. அது இன்னொரு கடைக்குப் போகும், அங்கே தரம் கூட்டுகிறோம் என்று 320 ஆக்குவார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குடத்தில் ஊற்றினால் பால் கூடிவிடாது. பாட்டு விசிடி-யிலிருந்து ஒலியை மட்டும் உருவியதும் இப்படித்தான், அதில் இருப்பதே எம்பி3-க்கு மூத்த எம்பி2 சுருக்கம் என்பது விற்றவர்களுக்கே தெரியாது. சோதிக்க ஒரு வழி உண்டு. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து அலைக்கற்றைப் படமாகப் பார்த்தால் போதும். அசல் சிடியிலிருந்து எடுத்த 320 கோப்பில் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் அருகில்வரை ஏறும். 128-இலிருந்து வந்ததானால் சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டிய மாதிரி நேர்க்கோடு இருக்கும், அதற்கு மேலே ஒன்றுமில்லை. 64-ஐத் தாண்டி வந்ததானால் கோடு இன்னும் கீழே. கோப்பின் பெயர் என்ன சொன்னாலும் அந்தக் கோடு பொய் சொல்லாது.

சத்தத்தைக் கூட்டுவதற்காகவும் தொடக்கத்தில் கடையின் பெயரைச் சேர்ப்பதற்காகவும்கூட முழுப் பாட்டையும் மறுபடி சுருக்கினார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதற்குத் தேவையே இருக்கவில்லை. எம்பி3-ஐத் துண்டு எல்லையில் விரிக்காமலே வெட்டி ஒட்ட முடியும். கோப்புக்குள் இருக்கும் அளவு எண்ணை மட்டும் மாற்றி ஒன்றரை டெசிபல் படிகளாகச் சத்தத்தை ஏற்றி இறக்கவும் முடியும். இதைச் செய்யும் மென்பொருள்கள் அப்போதே இலவசமாகக் கிடைத்தன. 2001-இலிருந்து ஃப்ளாக் என்ற வடிவமும் இருக்கிறது. சிடியின் எண்களை ஒன்றுகூட இழக்காமல் ஏறக்குறைய பாதி அளவில் வைத்துக்கொள்ளும், எத்தனை முறை விரித்துச் சுருக்கினாலும் அப்படியே வரும். தெருவில் யாரும் கேட்கவில்லை, ஆகையால் யாரும் செய்யவில்லை.

அரசாங்கம் 2000-இல் ஒளிவட்டுச் சட்டம் கொண்டுவந்து தொழிற்சாலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. பிறகு அசல் வட்டுகளுக்கு ஹோலோகிராம் முத்திரை வந்தது. சோதனைகள் நடந்தன, கூடாரங்கள் ஒரு வாரம் மறைந்து மறுவாரம் முளைத்தன. கடைசியில் வட்டுக்கு முடிவு கட்டியது செல்போனின் மெமரி கார்டு. ஒரு கிகாபைட் கார்டில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் ஏற்றித் தரச் சொல்வார்கள், அதற்காக இன்னொரு சுருக்கம். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தபோது, வளைவும் விளக்கும் பளபளத்த அந்தத் தெருவில் பதிவு எடுத்துக் கொடுக்கும் வேலை ஏறத்தாழ முடிந்திருந்தது. இன்று பூக்கடை வாசலில் பாடும் புளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டு எப்படி வருகிறது என்று பாருங்கள். பழைய எம்பி3 ஒன்றை யாரோ யூடியூபில் ஏற்றுகிறார், அங்கே வேறு வடிவத்தில் சுருங்குகிறது. இன்னொருவர் அதை இறக்கி 320 எம்பி3 ஆக்குகிறார். போன் அதை விரித்து, புளூடூத்துக்காக எஸ்பிசி முறையில் மறுபடி சுருக்கி அனுப்புகிறது. அண்ணன் கணக்கில் ஏழாங்கை, எட்டாங்கை ஆகியிருக்கும்.

சினிமாப் பாட்டைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. சென்னையில் மாஸ்டர் டேப் இருக்கும், இல்லாவிட்டால் இசைத்தட்டும் சிடியும் உலகெங்கும் ஆயிரம் வீடுகளில் இருக்கும். யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் கொண்டுவந்த 'வல்லவன்' போன்ற ஆல்பங்களுக்கும் முறையான சிடி உண்டு. 'நிழல்கள்' படத்தின் 1980 பாட்டை அடியொட்டி அவர்கள் செய்த 'மடை திறந்து' தமிழ்நாடு வரை போய்ப் பேர் வாங்கியது, அதன் அசல் எங்காவது கிடைக்கும். நான் பயப்படுவது இங்கேயே பிறந்து இங்கேயே சுற்றியவற்றுக்கு: உறுமி மேளக் குழுக்கள் சொந்தக் காசில் போட்ட கேசட்டுகள், தைப்பூசத்துக்குப் பாடிய காவடிப் பாட்டுகள், தோட்டத்துத் திருவிழாக்களை யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரில் பிடித்தவை. இவற்றில் பலவற்றுக்கு ஒன்று இரண்டு கேசட்டுகள்தான் இருந்தன. எம்பி3 வந்ததும் எல்லாம் கணினியில் ஏறிவிட்டது என்ற நம்பிக்கையில் கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள். கணினியில் ஏறியது இரண்டாங்கை 64 கிலோபிட்.

அண்மையில் காப்பார் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கேசட் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தது. எண்பதுகளின் நடுவில் எடுத்த அறுபது நிமிட கேசட். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. இதே திருவிழாவின் எம்பி3 பல ஆண்டுகளாகப் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, என்னிடமும் இருந்தது. ஒரே இடத்தில் குழந்தை வீரிட்டு அழுவதால் இரண்டும் ஒரே பதிவு என்று தெரிந்தது. அழுத்துத் திண்டு உதிர்ந்திருந்ததால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, ஹெட் திருகை அந்த டேப்பின் சாய்வுக்குத் திருப்பி, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு கிகாபைட். எம்பி3-இல் உறுமியின் இழுப்பு கொப்பளித்துக் கொப்பளித்து வரும், டேப்பில் குச்சி தோலில் உரசிக்கொண்டு போவது ஒரே இழையாகக் கேட்கிறது. பூசாரியின் உடுக்கை அடிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது.

கடைசிப் பத்து நிமிடம் நன்கொடை அறிவிப்பு. ஒலிபெருக்கியில் ஒருவர் பெயர் பெயராகப் படித்து, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்கிறார். எம்பி3-இல் அது வெறும் முணுமுணுப்பு. ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை இருக்கும் மேல் ஸ்தாயியை இரண்டு முறை வெட்டியதில் குப்புசாமிக்கும் முனுசாமிக்கும் வித்தியாசம் கேட்காது. டேப்பில் இரைச்சல் பலமாக இருந்தாலும் அதை மீறிப் பெயர்கள் வருகின்றன. குடும்பத்தின் மூத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, இவர் எட்டாம் லயம், இவர் மண்டோர் வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். இரண்டு பெயர் மட்டும் டேப்பிலும் பிடிபடவில்லை, அங்கே ஒலிபெருக்கியே கரகரக்கிறது. ஃப்ளாக் கோப்பையும் அதிலிருந்து ஒரே முறை சுருக்கிய எம்பி3-ஐயும் வாங்கிக்கொண்டு, கேசட்டை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா, வீட்டிலேயே வையுங்கள் என்றேன். அட்டையின் பின்பக்கத்தில், எந்த டெக்கில், எந்தத் தேதியில், எதிலிருந்து எடுத்தது என்று எழுதிக் கொடுத்தேன்.